கல்லூரியில் அல்ஜீப்ரா: ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு

பிளஸ் டூவில் கணிதத்தை விட்டுவிட்டு பி.காம்., பி.பி.ஏ. என்று சேருகிறவர்களை, ஏதாவது ஒரு செமஸ்டரில் வணிகக் கணிதம் வந்து பிடித்துக்கொள்ளும். டிகிரி முடித்து வங்கித் தேர்வுக்கோ டி.என்.பி.எஸ்.சி.க்கோ உட்கார்ந்தால் அங்கேயும் இதே கதைதான். சென்னையில் முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை: "நம்பர் இருக்கிறவரைக்கும் சரி சார், எக்ஸ் வந்ததும் ஒண்ணும் புரியல."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் விடைத்தாளைப் பார்த்தால் எக்ஸ் எங்கேயும் இடறுவதில்லை. ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரியை எந்த நியாயத்தில் எழுதினோம் என்று கேட்டால்தான் பதில் வராது. அந்த ஒன்று பிடிபட்டால், எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவும் கல்லூரி அல்ஜீப்ராவும் ஒரே பாடம்தான். அதை மட்டும்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு ஏற்பாடு. எக்ஸ், ஒய்க்குப் பதிலாக இங்கே தமிழ் எழுத்துகளையே வைக்கிறேன். வகுப்பில் எக்ஸ் என்று எழுதுங்கள், கணக்கு மாறாது.

எழுத்து எதற்கு?

2013-இல் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு ஒரு மீட்டர் கட்டணம் அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இன்று சாலையில் கேட்கிற தொகை வேறாக இருக்கலாம். நம் கணக்குக்கு இந்த விதி நன்றாகப் பொருந்தும்.

5.8 கிலோமீட்டர் போனால் எவ்வளவு? 1.8 போக மீதி 4. நாலு பன்னிரண்டு 48, அதோடு 25 சேர்த்தால் 73 ரூபாய். 9.8 கிலோமீட்டர் என்றால்? மீதி 8, எட்டுப் பன்னிரண்டு 96, மொத்தம் 121. இரண்டு தடவையும் செய்த வேலை ஒன்றே. தூரம் மட்டும்தான் மாறியது. மாறுகிற அந்த எண்ணுக்கு 'த' என்று பெயர் வைத்து, கட்டணத்தை 'க' என்று எழுதினால், எல்லாத் தூரத்துக்குமான கணக்கும் ஒரே வரியில் அடங்கிவிடும்:

க = 25 + 12(த − 1.8)

இங்கே 'த', 'க' இரண்டும் மாறிகள். 12 என்பது 'த'வின் கெழு. ஆங்கில வழி வகுப்பில் கோஎஃபிஷியன்ட் என்பார்கள். அடைப்பைப் பிரித்தால் 12த − 21.6 வரும். 25-இலிருந்து 21.6 போக 3.4. ஆக,

க = 12த + 3.4

வரைபடத்தில் இது ஒரு நேர்கோடு. 12 அதன் சாய்வு: தூரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் கட்டணம் 12 ரூபாய் கூடும். 3.4 வெட்டுத்துண்டு, அதாவது தூரம் பூஜ்யமாக இருக்கும்போது கோடு நிற்கும் உயரம். ஆனால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவுடன் 3 ரூபாய் 40 காசு என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்தச் சூத்திரம் 1.8 கிலோமீட்டருக்கு மேல்தான் செல்லும். அதற்குள் கட்டணம் 25 ரூபாய்தான். ஒரு சூத்திரம் எந்த எண்களுக்குச் செல்லும் என்பதும் அந்தச் சூத்திரத்தின் ஒரு பகுதி. கல்லூரிப் பாடத்தில் 'சார்பு', 'மதிப்பகம்' என்று வரும்போது பயப்பட வேண்டாம். தூரத்தைக் கொடுத்தால் கட்டணத்தைத் தரும் விதி சார்பு. அந்த விதிக்குள் எந்தெந்தத் தூரங்களைப் போடலாம் என்பது மதிப்பகம்.

"அந்தப் பக்கம் போனால் மைனஸ்"

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். கையில் 100 ரூபாய் இருக்கிறது. எவ்வளவு தூரம் போகலாம்?

12த + 3.4 = 100

பள்ளியில் நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது: 3.4-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோ, மைனஸ் ஆகும். 12-ஐக் கொண்டுபோ, வகுத்தல் ஆகும். விடை சரியாகவே வரும். ஆனால் உண்மையில் எதுவும் எங்கேயும் போகவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் 3.4-ஐக் கழித்தோம்: 12த = 96.6. இரண்டு பக்கத்தையும் 12-ஆல் வகுத்தோம்: த = 8.05. எட்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், "கொண்டுபோனால் மாறும்" என்ற மந்திரம் எதை எப்போது கொண்டுபோகக்கூடாது என்று சொல்வதில்லை. −12த = 96 என்று வந்தால், மந்திரத்தை மட்டும் நம்பியவர்கள் −12-ஐ வலப்பக்கம் கொண்டுபோய் +12 ஆக்கி, 96-உடன் கூட்டிவிடுவார்கள். கழித்தலா, பெருக்கலா என்று பார்ப்பதில்லை. ஒரு குறி தெரிகிறது, அதை மாற்றுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் −12-ஆல் வகுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லி எழுதுபவருக்கு இந்தத் தப்பு வரவே வராது.

ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வரியிலிருந்து முந்தைய வரிக்குத் திரும்பிப் போக முடியுமா? 3.4-ஐக் கழித்தேன். திரும்பக் கூட்டினால் பழைய வரி வந்துவிடும். 12-ஆல் வகுத்தேன். 12-ஆல் பெருக்கினால் வந்துவிடும். இரண்டுமே இருவழி. அதனால்தான் கடைசி வரியில் கிடைத்த 8.05 முதல் வரிக்கும் விடை, அது ஒன்றே விடை என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது. போட்டும் பார்க்கலாம்: 8.05-இல் 1.8 போக 6.25; அதைப் பன்னிரண்டால் பெருக்க 75; அதோடு 25, மொத்தம் 100.

கோவை வேறு, சமன்பாடு வேறு

மாணவர்கள் மதிப்பெண் இழக்கும் இடங்களில் இதுதான் பெரியது என்பது என் அனுபவம். 12த + 3.4 என்பது ஒரு கோவை. 12த + 3.4 = 100 என்பது ஒரு சமன்பாடு. கோவைக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை வேறு உருவத்தில் எழுதலாம், மதிப்பை மாற்றக்கூடாது. சமன்பாடு ஒரு கூற்று. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேலையைச் செய்யலாம். தேர்வுத்தாளில் 'சுருக்குக' என்று இருந்தால் கோவை, 'தீர்க்க' என்று இருந்தால் சமன்பாடு.

ம/2 + ம/3 = 10 என்று கொடுத்து தீர்க்கச் சொன்னால், இரண்டு பக்கத்தையும் 6-ஆல் பெருக்கலாம்: 3ம + 2ம = 60, ம = 12. ஆனால் ம/2 + ம/3 என்று மட்டும் கொடுத்து சுருக்கச் சொன்னால், 6-ஆல் பெருக்கி 5ம என்று எழுதக்கூடாது. பெருக்குவதற்கு எதிர்ப்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லை. விடை 5ம/6.

இன்னொரு இடம், பின்னத்தில் அடிப்பது. (ம + 6)/6 என்பதில் மேலே ஒரு 6, கீழே ஒரு 6, இரண்டையும் அடித்துவிட்டு 'ம' என்று எழுதுவதைப் பார்க்காத ஆசிரியர் இருக்க மாட்டார். மேலே முழுவதையும் பெருக்கிக்கொண்டு நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். கூட்டலில் சேர்ந்திருக்கும் உறுப்பை அடிக்க முடியாது. சந்தேகம் வந்தால் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ம-க்கு 6 போட்டால் கோவையின் மதிப்பு 12/6, அதாவது 2. நாம் எழுதிய விடையோ 6. தப்பு அங்கேயே தெரிந்துவிடும். (அ + ஆ)² = அ² + ஆ² என்று எழுதக் கை வரும்போதும் இதையே செய்யுங்கள். 3, 4 போட்டால் இடப்பக்கம் 49, வலப்பக்கம் 25. எண்ணைப் போட்டுப் பார்த்து ஒரு விதி சரி என்று நிரூபிக்க முடியாது. தப்பு என்று நிரூபிக்க ஒரே ஒரு எண் போதும்.

இரண்டு மாறிகள் வந்தால் இரண்டு சமன்பாடுகள் வேண்டும், அவ்வளவுதான். கேன்டீனில் 2 டீ, 3 வடைக்கு 54 ரூபாய். 3 டீ, 1 வடைக்கு 46 ரூபாய். டீ விலை 'ட', வடை விலை 'வ':

2ட + 3வ = 54
3ட + வ = 46

இரண்டாவதை 3-ஆல் பெருக்கி, 9ட + 3வ = 138 ஆக்கி, முதலாவதைக் கழித்தால் 7ட = 84, ட = 12. அதை இரண்டாவதில் போட்டால் வ = 10. இங்கேயும் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 7ட = 84 என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு பழைய இரண்டு வரிகளுக்குத் திரும்ப முடியாது; வடை தொலைந்துபோயிருக்கும். அதனால்தான் பழைய சமன்பாடு ஒன்றையும் கூடவே வைத்துக்கொள்கிறோம்.

மெரினா சுண்டலும் இருபடிச் சமன்பாடும்

கடற்கரையில் சுண்டல் விற்கும் ஒருவர், பொட்டலம் 20 ரூபாய் என்று வைத்தால் மாலையில் 100 பொட்டலம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். விலையை ஒரு ரூபாய் ஏற்றினால் 4 பொட்டலம் குறைவாகப் போகும். எண்கள் நான் வைத்தவை, ஆனால் பி.காம். பாடத்தில் வரும் வருவாய்க் கணக்குகளின் உருவம் இதுதான்.

ஏற்றிய தொகை 'ஏ' என்றால், விலை 20 + ஏ. விற்பது 100 − 4ஏ. கையில் வரும் பணம் இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும்:

(20 + ஏ)(100 − 4ஏ) = 2000 + 20ஏ − 4ஏ²

விலையை ஏற்றுவதால் 100ஏ கூடுகிறது, ஆள் குறைவதால் 80ஏ-உம் 4ஏ²-உம் குறைகிறது; மிஞ்சுவது 20ஏ − 4ஏ². இரண்டும் இழுத்துக்கொண்டு நிற்பதால்தான் இதன் வரைபடம் நேர்கோடாக இல்லாமல், ஏறி இறங்கும் பரவளையமாக இருக்கிறது.

அவருக்கு 2016 ரூபாய் வேண்டும். எவ்வளவு ஏற்ற வேண்டும்?

2000 + 20ஏ − 4ஏ² = 2016

எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேர்த்து, 4-ஆல் வகுத்தால்: ஏ² − 5ஏ + 4 = 0. பெருக்கினால் 4, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்கள் −1, −4. ஆக (ஏ − 1)(ஏ − 4) = 0. இரண்டு எண்களைப் பெருக்கிப் பூஜ்யம் வந்தால், அவற்றில் ஒன்றாவது பூஜ்யமாக இருந்தே ஆக வேண்டும். காரணிப்படுத்துவதன் பலன் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கிறது. வலப்பக்கம் பூஜ்யமாக இல்லாமல் 6 என்று இருந்தால் இந்த நியாயம் செல்லாது. 6 வருவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. அதனால்தான் முதலில் எல்லாவற்றையும் ஒரு பக்கம் சேர்த்தோம்.

ஏ = 1 அல்லது 4. 21 ரூபாய்க்கு 96 பொட்டலம், 2016. 24 ரூபாய்க்கு 84 பொட்டலம், அதுவும் 2016. விடை இரண்டு வருவது கணக்கின் கோளாறு இல்லை. வியாபாரத்திலேயே இரண்டு வழி இருக்கிறது.

காரணி கண்ணில் படவில்லை என்றால்? வர்க்கப் பூர்த்தி. ஏ² − 5ஏ = −4 என்று எழுதி, 5-இல் பாதியான 2.5-இன் வர்க்கம் 6.25-ஐ இரண்டு பக்கமும் கூட்டுங்கள். இடப்பக்கம் (ஏ − 2.5)² ஆகிவிடும், வலப்பக்கம் 2.25. ஆக ஏ − 2.5 என்பது 1.5 அல்லது −1.5. மறுபடியும் 4, 1. இதே வேலையை எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்துச் செய்தால் எல்லோரும் மனப்பாடம் செய்கிற சூத்திரம் வந்துவிடும். அ·ம² + ஆ·ம + இ = 0 என்றால்,

ம = (−ஆ ± √(ஆ² − 4·அ·இ)) ÷ (2·அ)

வர்க்கப் பூர்த்தியை ஒரு தடவையாவது கையால் எழுதிப் பார்க்காமல் இந்தச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சூத்திரம் விடையை மட்டும் தரும். வர்க்கப் பூர்த்தி வேறொன்றையும் தரும். சுண்டல் கோவையை அதே முறையில் எழுதினால் 2025 − 4(ஏ − 2.5)² என்று வரும். ஒரு வர்க்கம் ஒருநாளும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே 2025-இலிருந்து எப்போதும் எதையாவது கழித்துக்கொண்டுதான் இருப்போம், ஏ = 2.5-இல் மட்டும் ஒன்றும் கழியாது. அதிகபட்ச வருவாய் 2025 ரூபாய், விலை 22.50. ஐம்பது பைசா புழங்காத ஊரில் 22 அல்லது 23 என்று வைத்தால், இரண்டிலும் 2024. ஒரே கோவையை வேறு உருவத்தில் எழுதியதில், வகைக்கெழு (கால்குலஸ்) எதுவும் படிக்காமலேயே உச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டோம்.

2100 ரூபாய் வேண்டும் என்றால்? சமன்பாடு ஏ² − 5ஏ + 25 = 0 ஆகும். சூத்திரத்தின் மூலக்குறிக்குள் (√) 25 − 100 = −75. மூலக்குறிக்குள் இருக்கும் அந்த ஆ² − 4·அ·இ-க்குத் தன்மைகாட்டி என்று பெயர். அது நேர்மமாக இருந்தால் இரண்டு விடை, 2025-க்கு வருவதுபோலப் பூஜ்யமானால் ஒரே விடை, குறையெண்ணாக (மைனஸாக) இருந்தால் மெய்யெண்களில் விடை இல்லை. எந்த விலை வைத்தாலும் 2100 வராது என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே சூத்திரத்தில் எழுதிவிடும் இந்த வசதி எளிதாகக் கிடைத்ததல்ல. பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் இருபடிச் சமன்பாட்டுக்கு வழி சொன்னார். குறையெண்களைக் கடன் என்றும் நேர்ம எண்களைச் செல்வம் என்றும் கொண்டு அவற்றுக்கான விதிகளையும் வகுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி குறையெண்களைப் பயன்படுத்தவில்லை. அதனால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி சொல்ல வேண்டியிருந்தது, அதுவும் முழுக்க வாக்கியங்களில். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் 1557-இல்தான் அச்சில் கொண்டுவந்தார். தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று எழுதும் வழக்கம் தேக்கார்ட்டின் 1637-ஆம் ஆண்டு நூலிலிருந்து பரவியது. பல தலைமுறைகள் உழைத்துச் சுருக்கிக் கொடுத்ததைத்தான் ஒரு வரியில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்வே வரும் இடம்

இதுவரை செய்த அடிகளில் பெரும்பாலானவை இருவழி. இடைநிலை அல்ஜீப்ராவில், மூலக்குறியும், பின்னத்தின் பகுதியில் (கீழே இருக்கும் எண்ணில்) மாறியும் வந்தவுடன், சில அடிகள் ஒன்வே ஆகின்றன. தி.நகரில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும்: போன வழியே திரும்ப முடியாது, வேறெங்கோ போய் நிற்போம்.

√(ம + 6) = ம என்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினால் ம + 6 = ம², அதாவது ம² − ம − 6 = 0. காரணிப்படுத்த, (ம − 3)(ம + 2) = 0. ம = 3 அல்லது −2. முதல் வரியில் போடுங்கள். 3 சரி: √9 = 3. −2 போட்டால் √4 = 2, வலப்பக்கமோ −2. பொருந்தவில்லை. எல்லா அடியும் சரியாகச் செய்தும் ஒரு போலி விடை எப்படி வந்தது? 2-ம் −2-ம் சமம் இல்லை, ஆனால் வர்க்கப்படுத்தினால் இரண்டும் 4. வர்க்கப்படுத்திய வரியிலிருந்து பழைய வரிக்கு ஒழுங்காகத் திரும்ப வழியில்லை. அந்த இடைவெளியில்தான் −2 உள்ளே வந்தது. ஆகவே வர்க்கப்படுத்தினால் விடையை முதல் வரியில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: விடை தொலைவது. ம² = 5ம என்பதை 'ம'-ஆல் வகுத்து ம = 5 என்று முடித்துவிட்டால், ம = 0 என்ற நல்ல விடை போய்விட்டது. பூஜ்யமாக இருக்கக்கூடிய ஒன்றால் வகுக்கவே கூடாது. ம² − 5ம = 0 என்று எழுதி, ம(ம − 5) = 0 என்று காரணிப்படுத்துங்கள். ம² = 49 என்பதற்கு 7 மட்டும் எழுதி −7-ஐ விடுவதும் இதே தொலைத்தல்தான்.

பகுதியில் மாறி இருந்தால், கணக்கைத் தொடங்கும் முன்பே எந்த எண் ஆகாது என்று ஓரத்தில் எழுதிவிடுங்கள். ம/(ம − 2) = 2/(ம − 2) என்பதில் இரண்டு பக்கத்தையும் (ம − 2)-ஆல் பெருக்கினால் ம = 2 என்று அழகாக வரும். ஆனால் 2 போட்டால் பகுதி பூஜ்யம். இந்தச் சமன்பாட்டுக்கு விடையே இல்லை.

சமனிலிகளில், அதாவது சமக்குறிக்குப் பதில் சிறிது, பெரிது என்ற குறி வரும் கூற்றுகளில், நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: குறையெண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும். 3 < 5, ஆனால் −3 > −5.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: கல்லூரிப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ்நாடு அரசின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களின் 'இயற்கணிதம்' (அல்ஜீப்ரா) பாடத்தை எடுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், கல்லூரி வகுப்பில் காதில் விழும் சொற்கள் தானாகப் பழகிவிடும். வீட்டில் இடம் இல்லை, சத்தம் என்றால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

நோட்டில் வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: "இருபுறமும் 3.4 கழித்தேன்", "காரணிப்படுத்தினேன்", "வர்க்கப்படுத்தினேன், சரிபார்க்கணும்". முதலில் நேரம் பிடிக்கும். வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எழுத ஒன்றும் தோன்றாத வரி எதுவோ, நீங்கள் மறுபடி படிக்க வேண்டிய பாடம் அந்த வரியில் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, மறுநாள் ஆசிரியரிடம் அந்த ஒரு வரியை மட்டும் காட்டிக் கேளுங்கள்.